டெக்சாஸ் பர்கர் கடையில் ஆறு வெள்ளிக்கிழமைகள்

எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது. அமெரிக்காவில் மருமகள் ரொட்டியை மட்டும் கொடுத்து என்னைப் பட்டினி போட்டாள், அதனால் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டேன் என்கிறார்கள். இரண்டும் தவறு. நான் புறப்பட்ட செவ்வாய்க்கும் திரும்பிய செவ்வாய்க்கும் இடையே சரியாக நாற்பத்தொன்பது நாட்கள். டிக்கெட் எடுத்ததே அத்தனை நாளுக்குத்தான். என் மருமகள் ஜெஸி எங்கள் கடற்கரையிலேயே இனயம் என்ற ஊர்ப் பெண், அமெரிக்காவில் நர்ஸ் வேலை. பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்தும் எனக்குத் தோசை சுட்டுத் தந்தாள். நான் மெலிந்து வந்திருப்பது உண்மை. அதற்குக் காரணம் அவள் அல்ல.

பயணத்தின் நோக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஒரே மகன் ஆன்றோ அடக்கத்துக்கு வரவில்லை. அது விசா புதுப்பிக்கும் சமயம்; அமெரிக்காவைவிட்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது என்றான். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. அதன்பிறகு அவன் போனில் கேட்பது மூன்று கேள்விகள்தான். "சாப்பிட்டியளா? மாத்திரை போட்டியளா? அங்க மழ உண்டா?" அவன் கல்யாணத்துக்குப் பத்து நாள் வந்தபோதும் அதே மூன்று கேள்விகள். மகன் என்னிடம் பழையபடி வாய் திறந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான் எழுபத்து மூன்று வயதில் இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து போனேன்.

கடந்த தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் புறப்பட்டேன். கடியப்பட்டணத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். வாடகைக் கார் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். காலை 5.10-க்குக் கிளம்பி, திங்கள்நகர், மார்த்தாண்டம் வழியாக 7.25-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டுநர் புதுக்கடைக்காரர், வாய் ஓயாதவர்.

"அங்க போனா மூணு நேரமும் பர்கர்தான், கேட்டியளா. எனக்க மச்சான் போயி ஆறு மாசத்துல பத்து கிலோ கூடிட்டான்."

"நான் மீன் திங்குதவ. எனக்கெல்லாம் எடை கூடாது."

"அம்மா, அங்க மீனும் ரொட்டிக்குள்ளதான் கெடக்கும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

தோகாவில் விமானம் மாறி, டல்லாஸில் இறங்கினேன். அங்கிருந்து மகன் வீடு அறுபது கிலோமீட்டர். நல்ல வீடு, நல்ல சாலைகள், ஆனால் நடந்துபோகும் மனிதர் ஒருவரும் இல்லை. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெற்கே நானூற்று எழுபது கிலோமீட்டர் என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு நேர மாற்றம் மட்டும் காரணமில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து முதல் வெள்ளிக்கிழமை வந்தது. ஜெஸிக்கு வெள்ளிதோறும் பகல் வேலை; ஆன்றோ வீட்டில் இருப்பான். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளி எங்களுக்குச் சுத்தபோசன நாள். இறைச்சி கிடையாது, மீன் உண்ணலாம். நான் பருப்பு வைக்கிறேன் என்றேன். ஆன்றோ கார்ச் சாவியை எடுத்தான். "வேண்டாம்மா. இங்க வெள்ளிக்கெழம மீனு எங்க கெடைக்கும்னு காட்டுதேன், வாங்க."

கூட்டிப்போனது ஒரு பர்கர் கடைக்கு. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர், கார் நிறுத்த அரை கால்பந்து மைதானம் அளவு இடம். கண்ணாடியில் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள்: ரொட்டிக்கு நடுவில் மீன். தவக்காலத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று மாட்டிறைச்சி பர்கரை விட்டுவிடுவார்கள் என்பதால், பர்கர் கடைகள் அந்த வாரங்களில் மீன் ரொட்டியை முன்னால் வைத்து விற்கின்றன. நம் ஊரில் தவக்காலம் வந்தால் கறிக்கடைக்காரர் முகம் வாடும். அங்கே கறிக்கடைக்காரரே மீன் விற்கிறார். இதை அந்த நாட்டின் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மீன் நான்கு மூலையோடு சதுரமாக இருந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவள் நான். நெய்மீன் முதல் சாளைவரை என் கண்முன் எடை போடாத மீன் இல்லை. எந்த மீனுக்கும் மூலை கிடையாது. இருந்தாலும் நியாயமாக எழுதுகிறேன்: முள் இல்லை, கவிச்சி இல்லை, எண்ணெய் புதியது. ருசியும் இல்லை. ஒன்றின் விலை ஐந்து டாலர் எண்பத்தொன்பது சென்ட், வரி தனி.

ஆனால் அந்த முதல் வெள்ளியில் எனக்குத் தொண்டையில் இறங்காமல் போனது மீன் அல்ல. நாங்கள் காரைவிட்டு இறங்காமல், டிரைவ்-த்ரூ வரிசையில் போயிருந்தோம். கம்பத்திலிருந்த பெட்டி ஒரு பெண் குரலில், "குட் மார்னிங், ஆன்டோ ஹனி, இன்றைக்கு மீன்தானே?" என்றது. என் மகன் சிரித்தான். நான்கு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. ஜன்னலுக்குப் போனால், தலையில் வலை போட்ட ஒரு கிழவி கையை நீட்டிப் பொட்டலம் தருகிறாள். சட்டையில் பெயர்: லிண்டா.

"யாருல அவ?"

"கடையில வேல செய்யுத அம்மா. ரெம்ப நல்லவங்க."

"ஒன்ன ஹனிங்குதா."

"எல்லாரையும் அப்பிடித்தாம்மா கூப்பிடுவாங்க. ஒங்களையும் கூப்பிடுவாங்க, பாருங்க."

என்னைக் கூப்பிட வேண்டாம் என்றேன்.

அடுத்த வெள்ளி, உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவளைச் சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே பார்த்தவற்றை, போகப்போகும் உங்களுக்காகக் குறித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு ஆறேழு முதியவர்கள் ஒரே மேசையில் வந்து உட்காருகிறார்கள். முதியோர் காபி ஒரு டாலர் இருபத்தொன்பது சென்ட். அதை வைத்துக்கொண்டு பத்தரைவரை இருக்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை. லாரி ஓட்டுபவர், போலீஸ்காரர், கோயிலுக்குப் போய்விட்டு வந்த குடும்பம் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். சாப்பிட்ட தட்டை அவரவரே குப்பையில் தட்டி அடுக்க வேண்டும். குளிர்பானத்தில் பாதிக்குமேல் ஐஸ்; ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் நாமே நிரப்பிக்கொள்ளலாம். பலர் இறங்குவதே இல்லை. காரின் ஸ்டியரிங்கில் பொட்டலத்தைப் பிரித்து, அடுத்த சிக்னலுக்குள் தின்று முடித்துவிடுகிறார்கள். "ரெண்டு வேல பாக்குதவங்களுக்கு இதுதான் அடுக்களை, மாமி" என்று அன்று இரவு வீட்டில் ஜெஸி சொன்னாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது.

லிண்டா எங்கள் மேசைக்கு வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்று அன்று தெரிந்தது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறாள். என் மகனிடம், "முதுகு வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

அவனுக்கு முதுகு வலி இருப்பது எனக்குத் தெரியாது.

"எப்பல வந்திச்சி?" என்று காரில் கேட்டேன்.

"அது ரெண்டு வருசமா உண்டு. ஒண்ணுமில்ல."

"ஏன் எனக்கிட்ட சொல்லேல்ல?"

"நீங்க வெசனப்படுவிய."

நான் வருத்தப்படுவேன் என்பதால் ஒரு பர்கர் கடைக்காரி வருத்தப்படுகிறாள். ஆன்றோவுக்கு வெங்காயம் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். வீடு வாங்கியது, கார் இடித்தது, வேலை மாறியது எல்லாம் நாள் வரிசையில் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே மழை உண்டா இல்லையா என்பதுதான். இதற்குப் பொறாமை என்றுதான் பெயர். கான்வென்டில் கன்னியர்கள் எங்களுக்குப் பாவங்களின் பட்டியலை மனப்பாடம் செய்வித்தார்கள். அதனால் ஒன்றைக் கண்டால் எனக்குப் பெயர் தெரியும்.

மூன்றாம் வெள்ளிக்கு நான் ஏற்பாடு செய்தேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் இந்தியக் கடை இருக்கிறது. முந்தைய நாள் ஜெஸியோடு போய், உறைந்த நெய்மீனும் தேங்காய்த் துருவலும் வாங்கி வந்தேன். எங்கள் ஊர்ப்படி, தேங்காய் வறுக்காமல் பச்சையாக அரைத்து, புளியும் மாங்காயும் போட்டு வைத்தேன். ஆன்றோ இரண்டு தட்டுச் சோறு தின்றான். விரலை நக்கினான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நான்கு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

"அம்மா, ஒரு காப்பி குடிச்சிட்டு வாறேன்."

"காப்பி நான் போடுதேன்."

"இல்லம்மா. சும்மா, அங்க போயி."

"நானும் வாறேன்" என்று செருப்பை மாட்டினேன். மாலையிலும் வேலைக்கு நின்றிருந்த லிண்டா எங்களைக் கண்டதும், "இன்று மீன் வாங்க வரவில்லையே, உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன்" என்றாள். ஆன்றோ அவளிடம் என் குழம்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் வெள்ளியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மழை பெய்தது, மீன் ஆறியிருந்தது, நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் வெள்ளி, காரின் டயர் மாற்ற வேண்டியிருந்தது. ஆன்றோ என்னைக் கடையில் இறக்கிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் வருவதாகப் போனான். நானே கவுண்டரில் நின்று எனக்கு வேண்டியதை இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் கேட்டு வாங்கினேன். லிண்டாவுக்கு அது இடைவேளை. கேட்காமலேயே எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இது அவனுடைய இடம், தெரியுமா?" என்றாள். ஜன்னலோரத்துக் கடைசி மேசை அது. "முன்பு எதிர்ச்சாரியில் நான்கு பையன்களோடு ஓர் அறையில் இருந்தான். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முன்னால் வந்தான். நான்தான் கடை திறந்திருந்தேன். ஒன்றும் வாங்கவில்லை. இங்கே உட்கார்ந்து, போனை டிஷ்யூ டப்பாவில் சாய்த்துவைத்தான். காபி கொண்டுவந்தேன். போனில் ஒரு கோயிலும் வெள்ளை உடுத்த பெண்களும் ஒரு பெட்டியும் தெரிந்தன."

என் கணவரின் அடக்கம் எங்கள் நேரப்படி மாலை நாலரைக்கு. அங்கே காலை ஆறு.

"நான் பாட்டுப் பெட்டியை நிறுத்தினேன். தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் யாரும் வராதபடி வைத்தேன். பிறகு இங்கே, நீங்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். அவன் போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான். உங்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவன் பேசும்போது யாராவது கேட்க வேண்டுமே. அதனால் நான் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா, அம்மா என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். உங்கள் பக்கம் பதில் இல்லை. அம்மா அழுதுகொண்டிருப்பார், பேச முடியாது என்று நான் சொன்னேன்."

நான் அழுதுகொண்டிருக்கவில்லை.

எங்கள் கடற்கரையில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அதனால் அடக்கத்துக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒருவர் போனைப் பிடித்துக்கொள்வார். பெட்டியை மூடுமுன் அதை இறந்தவர் முகத்தருகே கொண்டுபோவார்கள். தூரத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியதைச் சொல்வார், அதுவரை மற்றவர்கள் பேசாமல் நிற்பார்கள். அன்று போனைப் பிடித்தவள் பக்கத்து வீட்டுப் பிலோமினா. பங்குச் சாமியார் செபம் சொல்லும்போது போன் கரகரத்தது. ஒழுங்கில்லாத காரியம் எனக்குப் பிடிக்காது. "ஏட்டி, அதுக்க சத்தத்த அணை" என்றேன். அணைத்தாள். செபம் முடிந்து, பெட்டியருகே போனைக் கொண்டுபோகும்போது என் காதில் கேட்டாள்: "அக்கா, சத்தம் வைக்கட்டா? பய என்னமோ சொல்லுதான்."

"வேண்டாம். வராதவனுக்கு என்ன பேச்சி?" என்றேன். போனை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை லிண்டாவிடம் சொல்லவில்லை. நன்றி என்றேன், அதுவும் மனதார அல்ல. அவள் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பொரித்த எண்ணெய் வாசனை. என் மகன் சொன்னது முழுவதையும் கேட்டவளுக்கு, அம்மா என்பதைத் தவிர ஒரு சொல்லும் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்க வேண்டியவள் கேட்க மாட்டேன் என்று நின்றேன். நான் மெலியத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

டயர் மாற்றிவிட்டு ஆன்றோ வந்தான். காரில் இரண்டு சிக்னல் கடந்தபின் கேட்டேன். "மக்கா, அப்பாவ அடக்குன அண்ணைக்கி நீ போன்ல என்னத்தச் சொன்ன?"

அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "அது கழிஞ்சி போச்சிம்மா. ஒங்களுக்குத்தான் கேட்டிருக்குமே. பெல்ட்ட சரியாப் போடுங்க."

எனக்குக் கேட்டிருக்கும் என்று அவன் நான்கு வருடமாக நம்பியிருக்கிறான். இல்லை என்று சொல்ல அந்த நொடியில் வாய் வரவில்லை. மீதி இருந்த நாட்களிலும் வரவில்லை.

ஆறாம் வெள்ளி லிண்டாவுக்குக் கொடுக்க, மகனுக்கென்று ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் எட்டை ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். கிளம்பும்போது நான்கை வெளியே எடுத்துவிட்டேன். கொடுத்தது நான்குதான். அவள் அங்கேயே ஒன்றைக் கடித்து, இதில் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டாள். பயறும் வெல்லமும் என்றேன். எழுதித் தரச் சொன்னாள். நேரமில்லை என்றேன். பெரிய வெள்ளியன்று எனக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் உணவு; கடைக்குப் போகவில்லை. ஆன்றோ போனான்.

விமான நிலையத்தில் ஜெஸி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆன்றோ பெட்டியை எடை போட்டு, ஒட்டுச்சீட்டைச் சரிபார்த்து, "மாத்திர கைப்பையில இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தவக்காலத்தில் போகிறவர்கள் வெள்ளிக்கிழமைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். எந்தச் சிற்றூரிலும் மீன் ரொட்டி கிடைக்கும். சூடாகக் கேட்டு வாங்குங்கள்; கேட்டால் புதிதாகப் பொரித்துத் தருவார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். ஐஸ் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதியோர் காபி என்று வாய்விட்டுக் கேட்டால்தான் அந்த விலை. நெடுஞ்சாலையில் கழிப்பறை வேண்டுமென்றால் இந்தக் கடைகளை நம்பலாம், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். துரித உணவு உடம்பைக் கெடுக்கும் என்று ஊரில் இருந்தபோது நானும் பேசியிருக்கிறேன். கெடுக்கும்தான். ஆனால் விடியற்காலையில், நால்வர் தூங்கும் அறையிலிருந்து வெளியேறிய ஒருவன் அழுவதற்கு அந்த ஊரில் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். கோயில் ஏழரைக்குத்தான் திறக்கும், நான் போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருந்ததற்கு நான் நன்றியுள்ளவள். உள்ளே இருந்தது நான் இல்லை என்பதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆன்றோ, இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதையெல்லாம் நீ அந்தக் கடையில் உட்கார்ந்துதான் வாசிக்கிறாய் என்று ஜெஸி சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை. போனின் சத்தத்தை அணைக்கச் சொன்னதும் நான், பிறகு வைக்க வேண்டாம் என்றதும் நான். பிலோமினாமேல் தவறில்லை. நீ கூப்பிட்டு நான் பதில் சொல்லவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாய். நீ கூப்பிட்டதே எனக்குத் தெரியாது. அன்று அப்பாவிடம் என்ன சொன்னாய், அதன்பிறகு என்னிடம் என்ன கேட்டாய் என்பதை, நினைவிருக்கும்வரை முழுவதும் எழுதி எனக்கு அனுப்பு. போனில் வேண்டாம். எழுத்தில் வேண்டும்.